இன்னும் வரவில்லை என்றவர்கள்

சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம். ராயர் கிரீடம் சூட்டி, வேப்பம்பூ மாலை போட்டு, ரத்தினம் பதித்த செங்கோலை அம்மனிடம் கொடுப்பார்கள். அம்மன் சார்பில் கோயில் தக்கார் அதை வாங்கிக்கொண்டு பிராகாரம் சுற்றிவந்து திரும்ப ஒப்படைப்பார். ஒரு காலத்தில் அந்த இடத்தில் நாயக்க மன்னர் நின்றார். அன்று தொடங்கி நாலு மாதம் ஊரில் மீனாட்சி ஆட்சி, ஆவணியில் சுந்தரேசுவரருக்குப் பட்டம் மாறும். அபிஷேகத்துக்கும் ஆட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று மதுரைக்காரனுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

மேசியாவைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு இங்கே ஆரம்பிக்கக் காரணம் இருக்கிறது. 'மஷியாக்' என்ற எபிரேயச் சொல்லுக்கு எண்ணெய் வார்க்கப்பட்டவன் என்று பொருள். இஸ்ரவேலில் ராஜாவை ஏற்படுத்தும்போது தலையில் எண்ணெய் வார்ப்பார்கள். சாமுவேல் தீர்க்கதரிசி கொம்பில் தைலம் எடுத்துக்கொண்டு போய், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த கடைசிப் பையன் தாவீதைக் கூப்பிட்டு அவன் தலையில் ஊற்றிய கதை ஞாயிறு பள்ளிக்குப் போனவர்களுக்கு மனப்பாடம். அந்த நிமிஷத்திலிருந்து தாவீது ஒரு மஷியாக். தலைமை ஆசாரியனும் அப்படித்தான். இந்தச் சொல்லைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தபோது 'கிறிஸ்தோஸ்' ஆனது. ஆக, 'இயேசு கிறிஸ்து' என்பதை நம்மூர்த் தமிழில் சொன்னால் பட்டாபிஷேகம் ஆன இயேசு. நம்மில் பாதிப் பேருக்கு அது இனிஷியலை விரித்து எழுதின மாதிரி ஆகிவிட்டது.

இதில் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் பங்கு உண்டு. எபிரேய வேதத்தில் மஷியாக் என்ற சொல் ஏறக்குறைய 40 இடங்களில் வருகிறது. சவுலுக்கு, தாவீதுக்கு, ஆசாரியர்களுக்கு. ஏசாயா 45ஆம் அதிகாரத்தில் பாரசீக மன்னன் கோரேசுக்குக்கூட. கோரேஸ் யூதனே இல்லை. யூதர்களின் கடவுளை வணங்கியவனும் இல்லை. பாபிலோனில் சிறைப்பட்டுக் கிடந்தவர்களை ஊருக்குப் போகச் சொன்னான், அவ்வளவுதான். அதற்காகவே அவனுக்கு அந்தப் பட்டம். ஆனால் 1871இல் ஹென்றி பவர் தலைமையில் திருத்தி முடிக்கப்பட்டு, இன்றும் நம்மூர் சி.எஸ்.ஐ. கோயில்களில் வாசிக்கப்படும் தமிழ் வேதாகமத்தைப் புரட்டிப் பாருங்கள். கோரேசு விஷயத்தில் அது 'அபிஷேகம்' என்று போகும். சவுலுக்கும் தாவீதுக்கும் அதேதான். தானியேல் 9ஆம் அதிகாரத்துக்கு வரும்போது மட்டும், அதே எபிரேயச் சொல் திடீரென்று 'மேசியா' ஆகிவிடும். ஏனென்றால் கிறிஸ்தவ மரபு அந்த இடத்தை இயேசுவைக் குறிப்பதாக வாசிக்கிறது. தமிழ் வாசகனுக்கு இரண்டும் ஒரே சொல் என்று தெரிய வழியே இல்லை. ஆங்கிலத்தில் கிங் ஜேம்ஸ் வேதாகமமும் இதையே செய்திருக்கிறது, அதனால் தமிழ்க்காரர்களை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை.

"அப்ப ஏன் யூதங்க இயேசுவை ஏத்துக்கல?" என்று ஞாயிறு பள்ளியில் எந்தப் பிள்ளையும் ஒருநாள் கேட்கும். பதில் ரெடியாக இருக்கும். "கண்ணு முன்னாடியே வந்து நின்னாரு தம்பி. பெருமை பிடிச்சு கண்டுக்காம விட்டுட்டாங்க." ரொம்பச் சின்ன பதில். இரண்டாயிரம் வருஷமாக ஐரோப்பா இதே பதிலை வைத்துக்கொண்டு என்னென்ன செய்தது என்று தெரிந்த பிறகு அது அவ்வளவு சின்னதாகவும் தெரிவதில்லை. அதில் ஒரு துண்டு நம் பக்கத்திலேயே, கோவாவில் நடந்தது. அதற்கு வருகிறேன்.

யூதர்கள் யாருக்காகக் காத்திருந்தார்கள்? ஒரே பதில் கிடையாது. சாக்கடல் ஓரம் கும்ரானில் இருந்த கூட்டம் இரண்டு மேசியாக்களை எதிர்பார்த்தது, ஆசாரியன் ஒருவன், அரசன் ஒருவன். போரில் செத்துப்போகும் யோசேப்பு வம்சத்து மேசியா ஒருவரைப் பற்றித் தல்மூத் பேசுகிறது. ரோமாபுரியின் வாசலில் தொழுநோயாளிகளோடு உட்கார்ந்து, கூப்பிட்டதும் கிளம்பவேண்டுமே என்று தன் புண்களின் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்கும் மேசியாவும் அதே தல்மூதில் இருக்கிறார். இத்தனை வகைகளுக்குள்ளும் நடுவாக ஓடுவது ஒன்றுதான். அவர் தாவீதின் வம்சத்து மனிதர், கடவுள் கிடையாது. அவர் வந்தால் சிதறிக்கிடக்கும் ஜனம் ஊர் திரும்பும், எருசலேமில் ஆலயம் எழும், அந்நிய ஆட்சி முடியும், யுத்தம் ஓயும்.

இதைச் சட்டப் புத்தகம் மாதிரி எழுதிவைத்தவர் மைமோனிடஸ் (1138–1204). கோர்தோபாவில் பிறந்து எகிப்தில் வைத்தியம் பார்த்தவர். நம் கடலோடு அவருக்கு ஒரு துக்கமான உறவு உண்டு. குடும்பத்துக்குச் சம்பாதித்துப்போட்ட தம்பி தாவீது, இந்தியாவுக்கு வியாபாரத்துக்குப் போகும் வழியில் சரக்கோடு இந்தியப் பெருங்கடலில் மூழ்கிப்போனார். அண்ணன் ஒரு வருஷம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். தம்பி வழியில் எழுதிய கடிதம் ஒன்று கெய்ரோ யூதக் கோயிலின் பழங்காகித அறையில் தப்பிப் பிழைத்திருக்கிறது.

மைமோனிடஸ் சொல்வது இது. மேசியா அற்புதம் எதுவும் செய்துகாட்ட வேண்டியதில்லை. செத்தவர்களை எழுப்ப வேண்டியதில்லை. தாவீதின் வம்சத்திலிருந்து ஒரு ராஜா எழும்பி, ஜனத்தைத் திருச்சட்டத்துக்குத் திருப்பி, யுத்தம் செய்தால், இவராக இருக்கலாம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆலயத்தைக் கட்டி ஜனத்தைக் கூட்டிச் சேர்த்துவிட்டால், இவரேதான். முடியாமல் போனால், அல்லது கொல்லப்பட்டால்? அப்போது இவர் அவர் இல்லை. மோசக்காரன் என்று திட்ட வேண்டியதில்லை, செத்துப்போன நல்ல ராஜாக்களில் ஒருவர் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இதை அவர் காற்றில் எழுதவில்லை. கி.பி. 132இல் ரோமுக்கு எதிராகக் கிளம்பிய பார் கோக்பாவை, அக்காலத்தின் பெரிய ரபியான அகிபாவே மேசியா என்றார். மூன்று வருஷம் ஆட்சி நடந்தது, காசு அடித்தார்கள். 1960களின் தொடக்கத்தில் யூதேயப் பாலைவனக் குகைகளில் அவர் கடிதங்கள் கிடைத்தன. ஒன்றில் கூடாரப் பண்டிகைக்குப் பேரீச்ச ஓலையும் எலுமிச்சை வகைப் பழமும் அனுப்பச் சொல்லி ஆள்களை விரட்டுகிறார். மேசியா என்று கொண்டாடப்பட்டவர், நம்மூர் திருவிழாக் கமிட்டித் தலைவர் மாதிரி சாமான் லிஸ்ட் எழுதிக்கொண்டிருக்கிறார்! எனக்கு அந்தக் கடிதத்தின் மேல் தனிப் பிரியம். 135இல் எல்லாம் முடிந்தது. 5,80,000 பேர் வெட்டுப்பட்டார்கள் என்று காசியஸ் டியோ எழுதுகிறார். 'நட்சத்திரத்தின் மகன்' என்று சொல்லப்பட்டவரைப் பின்னால் வந்தவர்கள் ஓர் எழுத்து மாற்றிப் 'பொய்யின் மகன்' ஆக்கினார்கள். அகிபாவை யாரும் கைவிடவில்லை. பெரியவர் தவறாகக் கணித்துவிட்டார், அவ்வளவுதான். அதன் பிறகுதான் முடிவு நாளைக் கணக்குப் போடுகிறவர்களைச் சபிக்கும் குரல் யூத மரபில் ஓங்கியது. கையில் மரக்கன்று வைத்திருக்கும்போது மேசியா வந்துவிட்டார் என்று யாராவது சொன்னால், முதலில் கன்றை நட்டுவிட்டு அப்புறம் போய்ப் பார் என்று ஒரு பழைய ரபி சொல்லியிருக்கிறார்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, பிலாத்துவின் காலத்தில் சிலுவையில் செத்த ஒரு கலிலேயரைப் பார்த்தால் என்ன சொல்ல முடியும்? ரோமன் போகவில்லை. சிதறிய ஜனம் திரும்பவில்லை. நாற்பது வருஷத்தில், கி.பி. 70இல், இருந்த ஆலயமும் எரிந்தது. யூதர்கள் அவரைக் கவனிக்காமல் விட்டார்கள் என்று சொல்வதைவிட, கவனித்துவிட்டு உலகத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்தார்கள் என்று சொல்வதுதான் சரி.

இதில் விசேஷம் என்னவென்றால், இயேசுவின் சீடர்களும் அதே அளவுகோலைத்தான் கையில் வைத்திருந்தார்கள். எம்மாவு ஊருக்குப் போகும் வழியில் இரண்டு பேர், இவர்தான் நம் ஜனத்தை மீட்பார் என்று நம்பியிருந்தோமே என்று புலம்புகிறார்கள். உயிர்த்தெழுந்தவரிடமே, இப்போதாவது ராஜ்யத்தைத் திருப்பித் தரப்போகிறீரா என்று சீடர்கள் கேட்பதை அப்போஸ்தலர் நடபடிகள் முதல் அதிகாரத்திலேயே மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. நேர்மையான கேள்வி. கிறிஸ்தவம் என்பது ஒருவகையில் அந்தக் கேள்விக்குக் கண்டுபிடிக்கப்பட்ட பதில். மேசியாவின் வேலை இரண்டாகப் பிரிந்தது: முதல் வருகையில் பாவத்துக்காகச் சாவது, இரண்டாம் வருகையில் ராஜாவாக ஆள்வது. ஏசாயா 53இல் அடிபடும் ஊழியன் இஸ்ரவேல் ஜனம்தான் என்று பின்னாளில் ராஷி போன்ற யூத உரையாசிரியர்கள் வாசித்ததை, கிறிஸ்தவர்கள் சிலுவைக்கு எழுதிய முன்னுரையாக வாசித்தார்கள். தோல்வி என்று தோன்றியது திட்டம் ஆனது. யூதனுக்கு முதலில் உலகம் மாற வேண்டும், அப்புறம் ஆள் யார் என்று பெயர் சொல்லலாம். கிறிஸ்தவனுக்கு ஆளைத் தெரியும், உலகம் பின்னால் மாறும்.

இரண்டில் எது சரி என்று தீர்ப்பு சொல்ல நான் இங்கே வரவில்லை. சிலுவையில் செத்தவனையே ராஜா என்று சொன்னதில் ஒரு பெரிய துணிச்சல் இருக்கிறது. அடிபட்டவன் பக்கம் கடவுள் இருக்கிறார் என்ற எண்ணம் உலகத்துக்குக் கொடுத்தது கொஞ்சமில்லை. ஆனால் 'இன்னும் இல்லை' என்று சொன்னவர்களுக்கு அந்தத் துணிச்சலைக் கொண்டாடியவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கார்சியா த ஓர்தா என்று ஒரு போர்ச்சுகீசிய வைத்தியர் கோவாவில் இருந்தார். 1563இல் இந்திய மூலிகைகள், மருந்துச் சரக்குகள் பற்றி அவர் எழுதிய நூல் அச்சானது. இஞ்சி, மஞ்சள், மிளகு, மாம்பழம் எல்லாம் அதில் உண்டு. நம் பெட்டிக்கடைச் சுக்கைப் பற்றி ஐரோப்பா ஒழுங்காகப் படித்தது அவரிடம்தான் என்று சொல்லலாம். அவர் குடும்பம், கட்டாயத்தில் கிறிஸ்தவம் தழுவிய யூதக் குடும்பம். 1560இல் கோவாவில் இன்க்விசிஷன் என்னும் மத விசாரணை மன்றம் வந்தது. 'புதுக் கிறிஸ்தவர்கள்' என்று அழைக்கப்பட்ட இப்படிப்பட்டவர்கள் வீட்டுக்குள் யூதர்களாகவே இருக்கிறார்களா என்று துழாவுவது அதன் ஆரம்பகால முக்கிய வேலைகளில் ஒன்று. ஓர்தா 1568இல் இறந்தார். மறு வருஷம் அவர் தங்கை கத்தரினாவை உயிரோடு எரித்தார்கள். தீர்க்கதரிசனங்கள் இன்னும் நிறைவேறவில்லை என்று அந்த வைத்தியர் வீட்டுக்குள் சொல்லிவந்தார் என்பது விசாரணையில் சொல்லப்பட்டவற்றில் ஒன்று. 1580இல் அவர் எலும்புகளைத் தோண்டியெடுத்து எரித்தார்கள்.

இருபத்தாறு வருஷம் கழித்து, 1606 நவம்பரில், அதே திருச்சபையின் இன்னொரு மனிதர் மதுரைக்கு வந்தார். ராபர்ட் தெ நொபிலி. இத்தாலியப் பிரபு குடும்பம், இயேசு சபைத் துறவி. ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்ச்சுகீசியப் பாதிரியார் மதுரையில் பத்து வருஷத்துக்கு மேல் இருந்து பார்த்தும் உள்ளூர்க்காரர் யாரும் பறங்கி மார்க்கத்துக்கு வரவில்லை. நொபிலி காவி கட்டினார், மாமிசத்தை விட்டார், தமிழும் சமஸ்கிருதமும் படித்தார், தத்துவ போதகர் என்று பெயர் வைத்துக்கொண்டார். மறைந்துபோன வேதம் ஒன்றைத் தான் கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார். அவருடைய தமிழில் இயேசு முதன்மையாக ஒரு திவ்விய குருவாக வருகிறார்.

நொபிலியைப் பற்றிப் பண்பாட்டு இசைவு, சாதி ஏற்பு என்று இரண்டு பக்கமும் நிறைய எழுதியாகிவிட்டது. எனக்கு அதில் படுவது வேறு. மதுரையில் ஏற்கெனவே ராஜா இருக்கிறார், அவருக்குச் செங்கோல் கொடுக்க அம்மன் இருக்கிறாள். அங்கே போய் 'அபிஷேகம் பெற்ற அரசர் ஒருவர் இருக்கிறார்' என்றால் அது அரண்மனைக்குக் கேட்கும். குரு என்று சொன்னால் ஒரு பிரச்சனையும் இல்லை, ஊரில் நூறு குரு. கணக்குப் போட்டுத்தான் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். விளைவு அப்படித்தான் ஆனது. தாவீதின் சிம்மாசனம், சிதறிய ஜனம், ஆலயம் எல்லாம் பின்னால் போய், ஞானம் தரும் குருவும் கரையேறும் ஆன்மாவும் முன்னால் வந்தார்கள். யூதர்கள் எதிர்பார்த்ததன் மிச்சசொச்சம்கூட மதுரைத் தமிழில் அப்போது இறங்கவில்லை.

அது வேறு வழியாக வந்தது. 1834இல் அமெரிக்க மதுரை மிஷன் தொடங்கியது. இவர்களை அனுப்பிய பாஸ்டன் சங்கம்தான் 1819இல் எருசலேமுக்கும் இரண்டு பேரை அனுப்பியிருந்தது. யூதர்கள் நடுவிலும் பிரசங்கம் செய்வது அவர்கள் திட்டத்தில் முக்கியமான பகுதி. உலகமெங்கும் சுவிசேஷம் போனால், யூதரும் திரும்புவார்கள், ஆயிரவருட அரசாட்சி படிப்படியாக விடியும் என்பது அன்றைய நியூ இங்கிலாந்து நம்பிக்கை. எனவே பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, அச்சகம் எல்லாமே மேசியா வேலைதான். 1881இல் பசுமலையில் கல்லூரி வகுப்புகள் தொடங்கின. அதுதான் பிறகு ஊருக்குள் வந்து அமெரிக்கன் கல்லூரி ஆனது. அந்த வருஷத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு ஓட்டம் வெள்ளைக்காரன் சம்பளம் வாங்காத ஆள் ஒருவரிடமிருந்து கிளம்பியது. ஜான் கிறிஸ்டியன் அருளப்பன், பிறப்பு 1810. பாளையங்கோட்டையில் ரேனியஸிடம் படித்தவர். பிறகு அந்தோனி நாரிஸ் குரோவ்ஸ் என்ற பிரதரன் சபை மிஷனரியோடு சேர்ந்தார். பிரதரன் கூட்டத்தாருக்குக் குருமார் பட்டம் கிடையாது, சம்பளம் கிடையாது. கர்த்தரின் வருகை எந்த நிமிஷமும் இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பு அவர்கள் வட்டாரத்தில் பலமாக இருந்தது. அருளப்பன் 1842இல் வத்திராயிருப்புப் பக்கம், மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும் சமவெளியில், கிறிஸ்டியன்பேட்டை என்று ஓர் ஊரை உண்டாக்கினார். 1860இல் அங்கே எழுப்புதல் வெடித்தது. ஜனங்கள் நடுங்கி விழுந்தார்கள், அந்நிய பாஷை பேசினார்கள், தீர்க்கதரிசனம் சொன்னார்கள். பெந்தகொஸ்தே இயக்கத்தின் ஆரம்பம் என்று சொல்லப்படும் லாஸ் ஏஞ்சலீஸ் அசுசா தெருவுக்கு 46 வருஷம் முன்னால் இது. வெளிநாட்டு மிஷன்களின் கட்டுப்பாட்டுக்கு வெளியே, கரிசல் ஓரத்துக் கிராமத்தில். உலகப் பெந்தகொஸ்தே வரலாறு எழுதுகிறவர்கள் வத்திராயிருப்பை இன்னும் கொஞ்சம் நிதானமாக உச்சரிக்கப் பழகலாம்.

இதற்கு மூன்று வருஷம் முன்னால், 1857இல், தெற்கே நாசரேத்தில் நடந்தது இன்னும் விசித்திரம். (ஆமாம், திருநெல்வேலிச் சீமையில் ஒரு நாசரேத், இப்போது தூத்துக்குடி மாவட்டம்.) அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, மிஷனரிகளோடு முறித்துக்கொண்டு இந்து கிறிஸ்தவ ஏக இரட்சகர் சபை என்று தனிச்சபை கண்டார். கால்டுவெல் 1849இல் சாணார்களைப் பற்றி எழுதிய புத்தகம் அந்தச் சமுதாயத்தில் கிளப்பிய கோபம் இதற்குப் பின்னால் உண்டு. சட்டாம்பிள்ளை என்ன செய்தார் தெரியுமா? வெள்ளைக்காரனை விட்டுவிட்டு நேராக யூதர்களிடம் போய்விட்டார். ஓய்வுநாள் சனிக்கிழமை ஆனது. தூபம் வந்தது. இராப்போஜனத்தில் புளிக்காத திராட்சை ரசம் வந்தது. ஐரோப்பியன் நடுவில் புகுந்து மார்க்கத்தை மாற்றிவிட்டான், மூலம் கீழ்த்திசைதான், நம் வழக்கமும் எபிரேயர் வழக்கமும்தான் ஒன்றுக்கொன்று கிட்டே என்பது அவர் வாதம். மேசியா வந்துவிட்டார் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை, சபையின் பெயரிலேயே ஏக இரட்சகர் இருக்கிறார். ஆனால் அந்த மேசியாவுக்காகத் திருச்சட்டத்தைக் கைவிடவேண்டியதில்லை என்றார். முதல் நூற்றாண்டில் எருசலேமில் யாக்கோபைச் சுற்றியிருந்த யூதக் கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள். அவர்களைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சட்டாம்பிள்ளையின் ஞாபகம் வருகிறது.

தெற்கத்தி எழுப்புதல் மலையைத் தாண்டித் திருவிதாங்கூருக்குப் போனது. அங்கே யூஸ்தூஸ் யோசேப்பு என்று ஒரு சி.எம்.எஸ். ஐயர். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் ஞானஸ்நானம் பெற்றவர், வித்வான்குட்டி என்று பெயரெடுத்த புலவர். 1875 வாக்கில் எழுப்புதல் உச்சத்தில் இருந்தபோது, இன்னும் ஆறு வருஷத்தில், 1881இல் கர்த்தர் வருகிறார் என்ற அறிவிப்பு வந்தது. சி.எம்.எஸ். அவரை விலக்கியது, அவர் தனிச்சபை கண்டார். கிழக்கே அந்த இடைவெளியில்தான் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 78 வரை. மதுரைச் சீமையில் கஞ்சித்தொட்டிக்கு முன்னால் ஜனம் செத்து விழுந்த வருஷங்கள். எல்லா ரட்சிப்பும் உள்ளுக்குள்ளே முடிந்துவிட்டது என்று அந்த ஜனத்திடம் யார் போய்ச் சொல்வது? ராஜா வரவேண்டும், களஞ்சியம் திறக்கவேண்டும். பசியில் இருப்பவன் வாசிக்கும்போது இரண்டாம் வருகை என்பது அந்தப் பழைய யூத எதிர்பார்ப்பேதான், பெயர்தான் வேறு.

1881 வந்தது. பசுமலையில் கல்லூரி திறந்தது, திருவிதாங்கூரில் மேகம் திறக்கவில்லை. அதற்குப் பின் யூஸ்தூஸ் யோசேப்பு சொன்னது முக்கியம். கர்த்தர் வந்துவிட்டார், ஆவியில் வந்திருக்கிறார், புது யுகம் ஆரம்பித்துவிட்டது என்றார். அந்த வருஷத்திலிருந்து எண்ணும் காலக்கணக்கோடு யுயோமய சபை உருவானது.

இந்த இடத்தில் சபத்தாய் சேவியைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1665இல் இஸ்மீர் நகரத்து இந்த யூதரை மேசியா என்று காசாவின் நாத்தான் அறிவித்தார். ஏமனிலிருந்து ஆம்ஸ்டர்டாம் வரைக்கும் யூதர்கள் சொத்தை விற்று மூட்டை கட்டினார்கள். மறு வருஷம் செப்டம்பரில், சுல்தான் முன்னால் நிறுத்தப்பட்டு, சபத்தாய் தலைப்பாகை கட்டி இஸ்லாத்தில் சேர்ந்தார். பெரும்பாலான யூதர்கள் அழுதுவிட்டு ஜெபத்துக்குத் திரும்பினார்கள். ஒரு சிறு கூட்டம் மட்டும், மேசியா இருளுக்குள் இறங்கியதே ரகசியத் திட்டம் என்றது. தோல்வியைத் திட்டமாக வாசிக்கும் வேலை யூதர்களுக்கும் தெரியாததில்லை. அது பெரும்பான்மை மரபாக ஆகவில்லை, அவ்வளவுதான். கிறிஸ்தவத்தில் அதுவே அஸ்திவாரம் ஆனது. அதனால்தான் வித்வான்குட்டியால் அவ்வளவு சுலபமாக 1881ஐ உள்ளுக்குள் திருப்பிவிட முடிந்தது என்று நினைக்கிறேன். வழி ஏற்கெனவே போட்டுவைத்திருந்தது. அவர் மட்டும் ஒருவிதத்தில் ஏமாற்றத்தை மறைக்கவில்லை. கர்த்தரிடம் ஏன் தாமதம் என்று கேட்கும் அவருடைய மலையாளப் பாட்டைக் கேரளச் சபைகளில் இன்றும் பாடுகிறார்கள்.

இன்றைய மதுரைக்கு வருவோம். சுவரொட்டிகளில் 'அபிஷேக ஆராதனை' என்று பார்க்கிறோம். "அபிஷேகம் பெத்துட்டீங்களா பிரதர்?" என்று கேட்கிறார்கள். ராஜாவின் தலையில் ஊற்றிய எண்ணெய், சட்டத்தை, நிலத்தை, ஆட்சியைத் தொட்ட சொல், தனி ஆளின் உடம்புச் சிலிர்ப்புக்குப் பெயராகிவிட்டது. சிம்மாசனம் முழுசாகக் காணாமல்போகவில்லை. அது யூடியூபுக்குப் போயிருக்கிறது. வருகை, ரகசிய வருகை, அந்திக்கிறிஸ்து, மூன்றாம் ஆலயம் என்று வரைபடம் போட்டு விளக்கும் தமிழ்ப் பிரசங்கங்களில் இஸ்ரேல் ஒரு கடிகாரம். 2022இல் டெக்சாஸிலிருந்து சிவப்புக் கிடாரிகள் இஸ்ரேலுக்கு விமானத்தில் போனபோது நம்மூர் வாட்ஸ்அப் குழுக்கள் பட்ட பாட்டைப் பார்த்திருப்பீர்கள். யூதர்கள்மேல் இவ்வளவு அன்பா என்று தோன்றும். கடைசி வரைக்கும் கேளுங்கள். பெரும்பாலும் அந்தக் கதையின் முடிவில் யூதர்களுக்கு இரண்டே வழி, இயேசுவை ஏற்பது அல்லது அழிவது. ஞாயிறு பள்ளிப் பதிலேதான், ஓர் ஆயுதப் படையோடு திரும்பி வந்திருக்கிறது. காசாவில் சாகிற குழந்தை இந்தக் கணக்கில் ஓர் அடையாளம்கூட இல்லை.

மைமோனிடஸ் இதற்கு நேர்மாறான ஒன்றை எழுதினார். கிறிஸ்தவ அச்சகங்களின் காலத்தில் தணிக்கைக்குப் பயந்து பல பதிப்புகளில் அந்தப் பகுதியை எடுத்துவிட்டார்கள். நாசரேத்துக்காரரும் இஸ்மாயில் வம்சத்துக்காரரும் வந்ததுகூட மேசியாவுக்குப் பாதை போடத்தான், அவர்களால்தான் மேசியா என்ற பேச்சும் திருச்சட்டமும் தூரத் தீவுகள் வரை போயின என்கிறார். அவர் கண்ணில் கிறிஸ்டியன்பேட்டையும் பாதையில் ஒரு கல். பெருந்தன்மையா, பெரிய மனுஷத் தோரணையா என்று சண்டை போடலாம். எதிராளிக்குக் கதையில் ஒரு வேலை கொடுக்கிறார், அழிக்கவில்லை.

ஒரு சின்னத் திருத்தமும் தமிழில் நடந்திருக்கிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த 1995 பொது மொழிபெயர்ப்பு, நற்செய்திகளில் பட்டமாக வரும் இடங்களில் 'கிறிஸ்து'வை எடுத்துவிட்டு 'மெசியா' என்று போட்டது. பேதுரு இயேசுவை யார் என்று அடையாளம் சொல்லும் இடம் அப்படி ஒன்று. திடீரென்று அது பெயர்போல் ஒலிக்காமல், ஒரு யூதன் இன்னொரு யூதனைப் பார்த்து, ஆபத்தான ஒரு பதவியைச் சொல்லி அழைப்பதுபோல ஒலிக்கிறது. பழைய மொழிபெயர்ப்பின் இசை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் அந்த ஒரு இடத்தில் புதியதே மேல்.

காத்திருந்தவர்களில் சிலர் நமக்கு ரொம்பக் கிட்டே, மலைக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்கள். கொச்சி, பரவூர், சேந்தமங்கலம், மாளா யூதர்கள். 1950களில் அவர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் கப்பலேறினார்கள். இந்தியாவில் யாரும் துரத்தவில்லை. போனதற்கு வேலை, உறவு என்று பல காரணம். தலைமுறை தலைமுறையாகப் பஸ்காவில் சொல்லிவந்த எருசலேம் அதில் பெரிய காரணம். புது நாட்டையே சில யூதர்கள் மீட்பின் முதல் துளிர் என்றார்கள். மேசியா செய்ய வேண்டியதை மனிதன் எப்படிச் செய்யலாம் என்று கறுப்புக் கோட்டுக்காரர்களில் ஒரு சாரார் அந்நாட்டையே ஏற்க மறுத்தார்கள், இன்றும் மறுக்கிறார்கள். மலையாளம் பேசிக்கொண்டு வந்து இறங்கியவர்களில் பலரை நெகேவ் பாலைவனத்து நெவாத்திம் மாதிரியான விவசாயக் குடியிருப்புகளுக்கு அனுப்பினார்கள். மிளகும் தென்னையும் பார்த்து வளர்ந்தவர்கள் அங்கே காய்கறி போட்டார்கள், கோழி வளர்த்தார்கள், பூச்செடி வைத்தார்கள். வந்து சேர்ந்தாகிவிட்டது என்று அவர்களுடைய ஜெபப் புத்தகத்திலிருந்து ஒரு வரியையும் யாரும் எடுத்துவிடவில்லை. தாவீதின் துளிரை அனுப்பும் என்று கொச்சியில் தினமும் மூன்று வேளை கேட்டவர்கள், நெகேவிலும் தினமும் மூன்று வேளை கேட்டார்கள்.